ரெண்டு பேர்ல யாருக்கு?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே,

செவிலியர் ஒழுக்க நெறி பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நோயாளியின் விருப்பத்தை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துதல், ரகசியம் காத்தல் என்று வரிசையாக மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்தும் போயிருப்பீர்கள். கவலை வேண்டாம். நம் ஊரில் அதற்கு மறுபரீட்சை உண்டு. தை பிறந்ததும் ஆரம்பிக்கும். பெண் பார்க்கும் சீசன்.

உலகத்துக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்து அனுப்புகிற ஊர் இது. ஆனால் தன் வீட்டுக் கல்யாணம் என்று வந்துவிட்டால் லேசில் புடவை எடுக்க மாட்டார்கள். முதலில் விசாரிப்பார்கள். பெண் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் ஒரு விசாரணை, படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு விசாரணை, கடைசியாக ஆஸ்பத்திரியில். "அந்தப் பொண்ணு உங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சாமே, எதுக்குமா?" என்று பிரஷர் பார்க்க வந்த மாதிரி வந்து கேட்பார்கள். பையனைப் பற்றியும் கேட்பார்கள், கொஞ்சம் குறைவாக. உங்கள் நியமன உத்தரவில் இந்த வேலை எழுதியிருக்காது. ஆனால் செய்யச் சொல்லி ஊர் வந்து நிற்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் வாயாடி. எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன சண்டை என்பது சண்டை போடுகிறவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். ஊர்க்கதையில் கொஞ்சம் உப்பு புளி சேர்த்துத் திருப்பிச் சொல்வதில் எனக்கு இருக்கிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. "எல்லாக் கதையும் சொல்ற, ஆஸ்பத்திரிக் கதை மட்டும் ஏன் சொல்ல மாட்டேன்ற?" என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் கேட்க ஆரம்பித்தவர், நான் ஓய்வு பெற்ற பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இயல்பிலேயே அமைதியான பெண்களுக்கு ரகசியம் காப்பது கஷ்டமே இல்லை. எனக்கு அது ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த வேலை. அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிழமை ஒதுக்கியிருந்தார்கள். திங்கள் சர்க்கரை, செவ்வாய் கர்ப்பிணிகள், வெள்ளி வலிப்பு நோய் என்று. டாக்டர்களுக்கு அது வசதி. ஆனால் எந்தக் கிழமை எந்த நோய் என்று ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் அந்த வராந்தா பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும், அவர் வாயைத் திறக்காமலேயே ஊருக்கு அறிவிப்புக் கொடுத்த மாதிரிதான்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பெண்கள் வருவார்கள். திவ்யா, நந்தினி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் வருகிற எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன், வேறு சிலதையும் மாற்றியிருக்கிறேன், தேடிக்கொண்டு கிளம்பாதீர்கள். இரண்டு பேரும் திவ்யா வீட்டுத் தறியில் சேர்ந்து வேலை செய்கிறவர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற கோர்வைப் புடவையை ஒரே ஆள் நெய்வது கஷ்டம். ஒருத்தி தறியில் உட்கார்ந்து நெய்ய, இன்னொருத்தி பக்கத்தில் இருந்து கரைக்கான நாடாவை, அதாவது ஊடை நூல் ஓடுகிற கட்டையை, தள்ளித் தர வேண்டும். ஒருத்தி எழுந்து போனால் தறி நின்றுவிடும். தறி நின்றால் மற்றவளுக்கும் வேலை இல்லை. அதனால் ஒருத்திக்கு ஆஸ்பத்திரி நாள் என்றால் இரண்டு பேருமே கிளம்பி வந்துவிடுவார்கள். ஒரே இயர்போனில் ஆளுக்கு ஒரு காதாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் அறைக்குள்ளும் ஜோடியாகத்தான் போவார்கள்.

அவர்களில் ஒருத்திக்கு வலிப்பு இருந்தது. மாத்திரையில் நன்றாக அடங்கியும் இருந்தது. எந்தப் பெண்ணுக்கு என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எப்படியும் சொல்வாள் என்று காத்திருந்து ஏமாறாதீர்கள்.

திவ்யாவுக்கு வரன் அமைந்தது. பையன் பெயர் கார்த்தி, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அம்மா இல்லாத பையன். அப்பாவின் அக்கா ராஜம்மாதான் வளர்த்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்து, மண்டபத்துக்கும் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் வராந்தாவில் தன்னைத்தானே போனில் படம் பிடித்துக்கொண்டு வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அவர் தலைக்குப் பின்னால் பெஞ்சில் இரண்டு பெண்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். அந்தப் படம் ஊரைச் சுற்றிக்கொண்டு ராஜம்மாவின் போனுக்கு வந்து சேர்ந்தது. வராந்தாவில் போன் எடுக்கக் கூடாது என்று நாங்கள் அட்டை எழுதி மாட்டியது அதற்கு அப்புறம்தான்.

ராஜம்மா பிரஷர் பார்க்கத்தான் வந்தார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றும்போதே ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணும் கேக்க வரலமா சிஸ்டரு."

"பேசாதீங்க ராஜம்மா, பேசினா பிரஷர் ஏறும்."

"பேசலன்னா இன்னும் ஏறும்மா எனக்கு. இந்த போட்டோவப் பாரு. ரெண்டு பொண்ணுங்க குந்திக்கினு இருக்குது. இதுல ஒண்ணு எங்க வூட்டுக்கு வரப் போறது. ரெண்டு பேர்ல யாருக்கு? அத்த மட்டும் சொல்லு, நான் போயிக்கினே இருக்கறேன்."

"யாரப் பத்தியும் நாங்க சொல்றதில்ல."

"சரி, இருக்குதுன்னு சொல்லாத. திவ்யாவுக்கு இல்லன்னு சொல்லு. இல்லன்னு சொல்றதுல இன்னாமா தப்பு? நல்லதுதான?"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். ராஜம்மா கேட்டது நியாயம் போலவே தோன்றும். திவ்யாவுக்கு நோய் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்று நான் சொன்னால், அதே மூச்சில் நந்தினிக்கு இருக்கிறது என்றும் சொல்லியாகிவிட்டது. பெஞ்சில் மூன்றாவது ஆள் கிடையாது. திவ்யாவுக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்றால் பொய். மற்ற பெண்களைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல, நல்ல பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு நர்ஸ், இவளைப் பற்றிக் கேட்டதும் "சொல்ல முடியாது" என்றால் அதுவே பதிலாகிவிடும். ஆக, உங்கள் மௌனம் ஒருத்தியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அதை எல்லாருக்கும் கொடுத்திருக்க வேண்டும். ஒரு நோயும் இல்லாதவர்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும். கெட்ட செய்தியை மறைத்தால் ஊர் புரிந்துகொள்ளும். நல்ல செய்தியை மறைத்தால் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ராஜம்மா விடவில்லை. அடுத்த முறை கோயில் இட்லி வாங்கிக்கொண்டு வந்தார். மிளகும் சுக்கும் மணக்க, சுடச்சுட இருந்தது. வாங்கியது சரியா என்று கேட்பீர்கள். வாங்கிய கையோடு மேசையில் பிரித்து வைத்து, வார்டில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுப் பங்கு போட்டேன். பெருக்குகிற அம்மாவிலிருந்து டாக்டர் வரைக்கும் சாப்பிட்டார்கள். பத்துப் பேர் சாப்பிட்ட பிறகு அதை வைத்து என்னிடம் தனியாக என்ன கேட்க முடியும்? ராஜம்மா என்னை முறைத்துக்கொண்டே தானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். "நீ வாயத் தொறக்க வேணாம் சிஸ்டரு. நான் ஒரு பேரு சொல்றேன். ஆமான்னா கண்ண மூடு. இல்லன்னா சும்மா இரு. அதுக்கு மேல உன்ன யாரு கேக்கப் போறா?"

நல்ல யோசனைதான். அவர் "திவ்யா" என்றார். நான் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டேன். "நந்தினி" என்றார். அப்போதும் திறந்தே வைத்திருந்தேன். மறுபடியும் "திவ்யா", மறுபடியும் "நந்தினி". எனக்குக் கண் எரிந்து, பொலபொலவென்று தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. ராஜம்மா பயந்துவிட்டார். "இன்னாமா, எதுக்கு அழுவற? அவ்ளோ பெரிய வியாதியா?" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தூசி ராஜம்மா, யாரப் பத்தியும் சொல்றதில்ல" என்றேன். சிரிக்காமல் இருந்ததற்கே எனக்கு ஒரு மெடல் கொடுத்திருக்க வேண்டும்.

சிரிப்பெல்லாம் அவர் போகும்போது சொன்னதோடு நின்றது. "பதில் வரலன்னா தட்டு மாத்த மாட்டோம். அத அந்த வூட்லயும் சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலமே திவ்யாவின் அம்மா வந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "எம் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு அந்தம்மா கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு சிஸ்டர். மண்டபத்துக்கு சொல்லியாச்சு, சொந்தக்காரங்களுக்கு எல்லாம் சொல்லியாச்சு. இப்ப நின்னு போச்சின்னா அப்புறம் யாரு வருவாங்க?" என்று கும்பிட்டார். அது உண்மையா பொய்யா என்று நீங்கள் யோசிப்பீர்கள். யோசித்துப் பயனில்லை. பெற்ற அம்மா இரண்டு நிலைமையிலும் இதே வார்த்தையைத்தான் சொல்வாள்.

அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். என் மனசு இளகிக்கொண்டிருந்த நேரம், அவர் குரலைத் தாழ்த்தினார். "இல்லாட்டி நந்தினிக்குத்தான்னு சொல்லிடேன் சிஸ்டர். அவளுக்கு இப்ப யாரும் பேசி வரல. அவங்க வூட்ல கேக்கறதுக்கும் ஆளு இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கேட்க ஆள் இல்லாத பெண் தலையில் எதையும் வைக்கலாம் என்பது ஊர் வழக்கம். நான் பிறந்து வளர்ந்த குடியிருப்பின் தலையில் ஊர் எத்தனையோ வைத்தது, அந்த ருசி எனக்குத் தெரியும். "அவளுக்குக் கேக்க ஆளு இல்லன்னு யாரு சொன்னது? நான் இருக்கேன். இன்னொரு தடவ இந்தப் பேச்சு பேசினீங்கன்னா உங்க கூட நான் பேசறதையே நிறுத்திடுவேன்" என்றேன். கொஞ்சம் அதிகமாகத்தான் கத்திவிட்டேன். அந்த அம்மா அழுதார். ஆனால் தான் சொன்னது என்ன என்று அவருக்கும் உறைத்தது. "தப்பா பேசிட்டேன், மனசுல வச்சிக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்கள் வந்தார்கள். கிளினிக் நாள் இல்லை. மருந்து அறையில் நான் தனியாக இருந்தபோது நந்தினி முந்திக்கொண்டாள்.

"சிஸ்டர், அந்தம்மா கிட்ட எனக்குத்தான்னு சொல்லிடுங்க. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

"அவ கெடக்கறா சிஸ்டர்" என்றாள் திவ்யா. "எனக்குன்னு சொல்லுங்க. புடிச்சா கட்டட்டும், இல்லன்னா போவட்டும். நான் தறிய வெச்சி பொழச்சிக்குவேன்."

"நீ சும்மா இருடி."

"நீ சும்மா இரு. உன்ன யாரு கேட்டா?"

இருவரும் சொன்னது ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஒருத்தி தன்னிடம் இல்லாத நோயை, ஊரே ஒதுங்கிப் போகிற நோயை, எனக்குக் கொடுங்கள் என்று கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் யார் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் ஆஸ்பத்திரியில் மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அந்தப் பெண்ணைப் பார்த்து எனக்கு வந்த பெருமை வேறு யாரைப் பார்த்தும் வந்ததில்லை. அதை அவளிடம் தனியாகச் சொல்லவும் வழியில்லை, சொன்னால் மற்றவளுக்குச் சங்கடம்.

இங்கே ஒரு கேள்வி வரும். நோயாளியே சொல்லச் சொல்லிவிட்டாளே, அப்புறம் சொன்னால் என்ன? பாடப்புத்தகப்படி சொல்லலாம். ஆனால் அந்தச் சம்மதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நிச்சயதார்த்தம் நின்றுவிடும் என்ற பயத்தில், தோழிக்காகப் பதறிக்கொண்டு, பின்னால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் கொடுத்த சம்மதம் அது. கழுத்தில் கத்தி இருக்கும்போது ஒருத்தர் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. தவிர, இன்றைக்கு இவர்களுக்காக நான் வாயைத் திறந்தால், நாளைக்கு வேறு ஒரு பெண்ணுக்காக நான் வாயை மூடும்போது அந்த மூடிய வாய் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றேன். "உடம்பு யாருதோ, பேச்சும் அவங்களுது. யாருக்கு இருக்குதோ அவங்களுக்குச் சொல்லணும்னு தோணினா, அவங்க வாயால சொல்லட்டும். பக்கத்துல வந்து குந்துன்னு சொன்னா வரேன். ஆனா திவ்யா, ஒண்ணு கேட்டுக்க. ஊரு வேற, கட்டிக்கப் போறவன் வேற. சொல்ல வேண்டியது எதுனா இருந்தா அவன் கிட்ட மறைக்காத. அவன் அத்தைக்குச் சொல்றது அடுத்த ஜென்மத்துல பாத்துக்கலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை வராந்தாவுக்கு வந்தபோது பெஞ்சின் ஓரத்தில், கேட்டுக்கு நேராக, ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். வெளுத்த சட்டை, வழித்துச் சீவிய தலை. எழுந்து நின்றான்.

"வணக்கம் மேடம். நான் கார்த்தி. ராஜம்மா அத்த அனுப்பிச்சாங்க, உங்க கிட்ட கேட்டுக்கினு வரச் சொல்லி."

"யாரப் பத்தியும் சொல்றதில்லப்பா."

"நானும் ஒண்ணும் கேக்க வரல மேடம். திவ்யா எங்கிட்ட சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லிட்டாங்க. நானும் என்னப் பத்தி சொல்லிட்டேன். எங்களுக்குள்ள பேச்சு முடிஞ்சிடுச்சி. ஆனா போவாமலே போனேன்னு சொன்னா அத்த கண்டுபுடிச்சிடும். கொஞ்ச நேரம் இங்க குந்திட்டு போறேன், பரவால்லையா?"

திவ்யா அவனிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தேன். "உள்ள வந்து குந்துப்பா" என்றதற்கு, "இங்கயே காத்தோட்டமா இருக்குது மேடம்" என்று சொல்லிவிட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கும்படி காலை நீட்டி உட்கார்ந்து டீயைக் குடித்தான். தெரிந்தேதான் அப்படி உட்கார்ந்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. ஆள் அவ்வளவு அப்பாவி இல்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் விளக்கு வைப்பதற்குள் விஷயம் பரவிவிட்டது. திவ்யாவைக் கட்டப் போகிற மாப்பிள்ளைக்கு வலிப்பாம். வெள்ளிக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம். சிஸ்டர் டீ வாங்கிக் கொடுத்துத் தெளிய வைத்தாராம். அந்த டீயைச் சேர்த்தது யார் என்று தெரியவில்லை, ஆனால் கதையில் நல்ல கைத்தேர்ச்சி.

அந்த வாரம் முழுக்க ராஜம்மாவின் போன் ஓயவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வெள்ளி, நான் வருவதற்கு முன்பே வராந்தாவில் காத்திருந்தார். என்னைக் கண்டதும் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எங்க சின்ன மாமியாரு லைன்ல இருக்குது. ஸ்பீக்கர் போட்டுக்கிறேன். எங்க பையனுக்கு ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுமா."

"யாரப் பத்தியும் சொல்றதில்ல ராஜம்மா."

"அவனுக்கு ஒண்ணும் இல்லன்னு உனக்கே தெரியுமே. நான்தான அவன அனுப்பிச்சேன்?"

"எனக்கு இன்னா தெரியும், இன்னா தெரியாதுன்னு கூட சொல்றதில்ல."

போனுக்குள் இருந்த மாமியார், "அப்ப இருக்குது போல" என்றார். ராஜம்மா போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை மறக்கவே முடியாது. ஒரு வார்த்தை சொன்னால் அந்த அம்மாவின் தவிப்பு தீர்ந்துவிடும், எனக்கும் அது தெரியும். என் நாக்கு துடித்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்ததுதான் என் வேலைக்காலத்திலேயே எனக்கு மிகக் கஷ்டமான காரியம். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

அதே நேரம் படியேறி வந்தார் திவ்யாவின் அம்மா. மாப்பிள்ளைக்கு என்ன என்று கேட்கத்தான் வந்தார். ராஜம்மாவைப் பார்த்ததும் கேட்க வந்ததை விழுங்கிவிட்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். "நானும் சும்மாதான் வந்தேன்" என்றார் ராஜம்மா. எனக்கு உள்ளே வேலை கூப்பிட்டது. "குந்துங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். இடம் இருந்தது அந்தப் பெஞ்சில் மட்டும்தான். இரண்டு சம்பந்திகளும் நடுவில் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்.

அந்த இடைவெளியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து தன் கணவரைக் கூட்டிக்கொண்டு மாதாமாதம் வருகிறவர், நல்ல மனசு. இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அக்கறையாகக் கேட்டார்.

"ஏம்மா, உங்க ரெண்டு பேர்ல யாருக்கு?"

நான் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த மாத்திரை அட்டை அப்படியே நின்றது.

"யாருக்கும் இல்ல" என்றார் ராஜம்மா. "வேற வேலையா வந்தோம்."

"மொதல்ல நானும் அப்டித்தான் சொல்லிக்கினு இருந்தேன். வெக்கப்படாதீங்க. மாத்தர ஒழுங்கா சாப்ட்டா நல்லாயிடும்" என்று சொல்லி, தூக்குச் சட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு அதிரசம் எடுத்துக் கொடுத்தார்.

ராஜம்மா அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். முதலில் சிரித்தது திவ்யாவின் அம்மா. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார், ஆனால் தோள் குலுங்கியது. ராஜம்மா அவரை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருந்தவருக்கு உதடு கோணியது, பிறகு அவரும் சிரித்துவிட்டார். என்ன ஏது என்று புரியாமலேயே அதிரசம் கொடுத்த பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தார். உள்ளே மருந்து அறையில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் குறைந்த பிறகு ராஜம்மா ஜன்னலருகில் வந்தார். குரல் மாறியிருந்தது.

"யாரப் பத்தியும் சொல்ல வேணாம் சிஸ்டரு. யாருக்கோ இருக்குதுன்னு வெச்சிக்க. அந்த மாதிரி ஒருத்திய கட்டிக் குடுத்தா இன்னா ஆவும்?"

பாருங்கள், அதற்குத்தான் நான் காத்திருந்தேன். ஆளைப் பற்றிக் கேட்டால் வாயை மூடுங்கள். நோயைப் பற்றிக் கேட்டால் எல்லா வேலையையும் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். திவ்யாவின் அம்மாவையும் கூப்பிட்டு இருவரையும் உட்கார வைத்தேன். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும், கல்யாணம் செய்துகொள்ளலாம், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம், தறியில் உட்காரலாம், தொட்டால் ஒட்டாது, யாருடைய பாவமும் இல்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை என்றும் சொன்னேன்.

சாவி என்றதும் ராஜம்மா தலை குனிந்தார். "எங்க அக்காவுக்கு சாவிதான் குடுப்பாங்க" என்றார். "மாத்தர கீத்தரல்லாம் இல்ல. யாரு வந்தாலும் உள் ரூம்புல வெச்சி கதவ சாத்திடுவாங்க. கடைசி வரைக்கும் அப்டியே இருந்து போயிட்டா. அந்த பயம்தாம்மா எனக்கு, வேற ஒண்ணும் இல்ல."

இத்தனை நாள் ராஜம்மாவை நான் வம்புக்காரி என்றே நினைத்திருந்தேன். வம்பு பேசத் தெரிந்த எனக்கே அவர் பயம் தெரியவில்லை. திவ்யாவின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார்கள்.

நிச்சயதார்த்தம் குறித்த நாளில் நடந்தது, வைகாசியில் கல்யாணமும் நடந்தது. நந்தினி மணப்பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டு, போட்டோக்காரர் நகரச் சொன்னாலும் நகரவில்லை. அவளுக்கும் பிறகு நல்ல இடத்தில் அமைந்தது. ராஜம்மா பந்தியில் எனக்குத் தானே ஜாங்கிரி வைத்தார். "இப்பவாவது சொல்லேன்" என்றார். "இன்னொரு ஜாங்கிரி வைங்க" என்றேன். வைத்துவிட்டுக் காத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ராஜம்மா ஒரு நாள் தனியாக வந்தார். பிரஷர் பார்க்க என்று சொல்லவில்லை. என்ன கிழமை என்று கேட்காதீர்கள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எல்லாரும் போகும் வரைக்கும் ஓரமாக நின்றிருந்தார். பிறகு என் அறைக்குள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வூட்ல யாருக்கும் தெரியாது" என்றார். "கார்த்திக்குக் கூட சொல்லல. ஆறு மாசமா உள்ளயே வெச்சிக்கினு இருக்கறேன். யார் கிட்ட போறதுன்னு தெரியல."

"எங்கிட்ட வந்தீங்களே, அது போதும்."

"எத்தினி தடவ கேட்டேன் உன்ன, எப்டியெல்லாம் கேட்டேன்" என்றார் ராஜம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. "வாயத் தொறந்தியா நீ? அதாம்மா உங்கிட்ட வந்தேன்."

நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.